உளுத்த கட்டையில் ஒரு கிண்ணம்

பட்டறைக்குள் நுழைந்ததும் மேசைமேல் கிடந்த கட்டையைப் பார்த்து, மரம் கடையும் கடைசல்காரிக்கு எரிச்சல் வந்தது. நகத்தால் கீறினாள், ஊறிய ரொட்டியில் இறங்குவது மாதிரி நகம் உள்ளே போனது.

"யாரு கொண்டு வந்தது இதை?"

"மாடியில குடியிருக்கிற டெய்லரம்மா," என்றார் கணவர். "அவங்க கடை வாசல்ல மரம் விழுந்துச்சுல்ல, அதுல ஒரு துண்டு. பொத்தான் போட்டு வைக்கக் கிண்ணம் வேணுமாம். எங்க வீட்டுக்காரி தொட்டா உமியும் உருண்டு நிக்கும்னு சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லிட்டீங்க. உருட்டுறது நானு."

அவர் வாயில் 'இல்லை' என்ற சொல்லே வராது. வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிடுவார். வீங்கிய மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள்தான். முடிக்காத நாற்காலிக் கால்கள் வேறு சுவரோரம் குவிந்து கிடந்தன.

இருந்தாலும் டெய்லரம்மா அந்த மரத்து நிழலில்தான் மெஷினைப் போட்டுத் தொழிலை ஆரம்பித்தவள். முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. உளுத்த மரம் இறுகட்டும் என்று, தண்ணீர் மாதிரி இருக்கும் பசையைக் கட்டை முழுக்க ஊற்றினாள். குடிகாரன் போல உறிஞ்சிக்கொண்டது. காயவிட்டாள், மறுபடி ஊற்றினாள், மறுபடி காயவிட்டாள்.

கடைசல் இயந்திரத்தில் ஏற்றிச் சுழலவிட்ட அன்று உளியைப் புதிதாகத் தீட்டி, வேகத்தைக் குறைத்து, கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று தொட்டாள். அழுத்தினால் பிய்ந்துவிடும். கொஞ்சம் சீவுவாள், நிறுத்துவாள், சொதசொதப்பான இடத்தில் பசை விடுவாள். வெளிப்பக்கம் உருண்டு வந்தது. மரத்தில் கறுப்புக் கோடுகள் நெளிந்து ஓடின. ஒரு கணம் அவளுக்கே ஆசையாகிவிட்டது. அந்த ஆசையில் உள்பக்கத்தைக் குடையும்போது உளியை இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டாள்.

கண்மூடித் திறப்பதற்குள் விளிம்பில் பாதி பிய்ந்து பறந்தது. அவள் முகத்துக்கு மாட்டியிருந்த கண்ணாடிக் கவசத்தில் ஒரு சில்லு அறைந்தது. கடைசலை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கணவர் ஓடி வந்தார். "அடிபட்டுச்சா?"

"இல்ல."

அவர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். "மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சிரலாம். அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"நான் அடைக்க மாட்டேன். உடைஞ்சிருச்சுன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதானே வாக்குக் கொடுத்தீங்க."

அவர் தயங்கித் தயங்கி மாடிப்படி ஏறினார். அவர் திரும்புவதற்குள் அவள் எழுந்து, பிய்ந்த விளிம்பைச் சீவிச் சீவி இறக்கினாள். கடைசியில் நின்றது உள்ளங்கை ஆழம்கூட இல்லாத ஒரு தட்டு.

டெய்லரம்மாவும் அவர் கூடவே இறங்கி வந்துவிட்டாள். தட்டை வாங்கி, கறுப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"அக்கா, இதுல பொத்தான் நிக்காது."

"நிக்காதும்மா. இன்னும் ஆழம் போனா இதுவும் மிஞ்சாது."

"குண்டூசி போட்டுக்கறேன். அதுவும் வேண்டியதுதான்." தட்டை முந்தானையில் பொதிந்துகொண்டு படியேறினாள்.

கணவர் துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைப் பெருக்க ஆரம்பித்தார். வழக்கமில்லாத வேலை, மூலையில் பாதி தூள் அப்படியே நின்றது.

"அந்தப் படி ஏறுறதுக்குள்ள நாக்கே வறண்டு போச்சு," என்றார்.

"இனிமே யாரு கட்டை கொண்டு வந்தாலும் நான் பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லணும்."

"சரி."

"இதுக்கும் சும்மா தலையாட்டாதீங்க."

"இல்லடி," என்றார் அவர். அவள் தன் வீங்கிய மணிக்கட்டை உதறிவிட்டுக்கொண்டு, நாற்காலிக் கால்களில் ஒன்றை எடுத்துக் கடைசலில் பொருத்தினாள்.