மிஸ் ஹெப்வொர்த்தின் ஜப்பானியப் பெண்

மிஸ் ஹெப்வொர்த் என்னைக் கிறிஸ்தவளாக்க முடிவு செய்தபோது, இங்கிலாந்தின் ராச்டேலில் கைக்குழந்தையாக எனக்கு ஞானஸ்நானம் கொடுத்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எங்கள் வித்தைக் கொட்டகையின் சுவரொட்டியில் நான் ஓகிகு, ஜப்பான் சக்கரவர்த்தியின் அரசவைக் கலைஞர்.

அரசவையில் நாங்கள் மூன்று பேர். ஓபட் சக்டன் மல்லாந்து படுத்துப் பாதங்களில் மூங்கில் ஏணியைத் தாங்குவார். நான் அதன் உச்சியில் நின்று விசிறிகளை வீசிப் பிடிப்பேன். அவர் தம்பி ஜேபஸ் பம்பரம் விடுவான், மற்ற நேரத்தில் குனிந்து வணங்குவான். நாங்கள் யாரும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹல் துறைமுகத்தைத் தாண்டிப் போனதில்லை. ஒரு ஊரில் இருக்கும்வரை வெளியாள் காதில் எங்கள் பேச்சு விழக் கூடாது என்பது ஓபட்டின் சட்டம். தங்கும் வீட்டில்கூடப் பகல் முழுக்கக் கறுப்பு டோப்பாவும் முகத்தில் காவிப் பூச்சுமாக உட்கார்ந்திருப்பேன்.

மிஸ் ஹெப்வொர்த், நாங்கள் அப்போது வித்தை காட்டிக்கொண்டிருந்த ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரின் சேப்பலில் வெளிநாட்டு மிஷன் கமிட்டியைச் சேர்ந்தவள். கொட்டகைக்குள் கால் வைப்பது பாவம் என்பதால் நேராகத் தங்கும் வீட்டுக்கே வந்தாள். கையில் குளிருக்குப் போடும் ஒரு ஃபிளானல் கம்பளி உள்சட்டை. என் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

“கை... ஜில்... லுன்னு... இருக்கே!” என்றாள், நான் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பதுபோல.

நான் நூல் மில்லில் வேலை பார்த்த காலத்தில் இவளைப் போன்ற சீமாட்டிகள் வருடா வருடம் வருவார்கள். எங்கள் தலைக்கு மேலாகவே மேஸ்திரியிடம் பேசிவிட்டுப் போவார்கள். என் கை ஜில்லென்று இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஓபட்டுக்கு மகிழ்ச்சி. “அப்படியே இழுத்துட்டுப் போ புள்ள. ஞாயித்துக்கெழம சேப்பல்ல உனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னா, திங்கக்கெழம கொட்டகையில நிக்க எடம் இருக்காது.”

“என்னை மட்டும் ஏன் யாரும் மதம் மாத்த வர்றதில்ல?” என்றான் ஜேபஸ்.

“உன் மூஞ்சியப் பாத்தா அவங்களுக்கு இருக்கற நம்பிக்கையும் போயிடும்டா.”

கொட்டகை நிரம்புவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் மத்தியானங்களுக்காகக் காத்திருந்தேன். பொருள்களின் பெயர்களையும் பரமண்டல ஜெபத்தையும் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பாள். அலுத்துப் போனதும் புத்தகத்தை மூடிவிட்டு, எனக்குப் புரியாது என்ற தைரியத்தில், சாதாரண வேகத்தில் தன் கதையைப் பேசுவாள். இளவயதில் மிஷனரியாக ஜப்பானுக்குப் போகப் பெட்டி கட்டியிருந்தாளாம். கப்பலேறும் வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம். அப்பா இன்னும் இருக்கிறார். பெட்டியில் இப்போது படுக்கை விரிப்புகள். “சில நாள் அப்பா மேல எவ்வளவு கோவம் வருது தெரியுமா?” என்று ஒருமுறை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். நான் புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் ஓகிகுவுக்குச் சொல்லப்பட்டது. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. என்ன செய்துவிட்டாள் அவள்? பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஜெபத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு பள்ளியில் முடித்தவுடன் பன் கொடுப்பார்கள் என்பதால் நாங்கள் மூச்சுவிடாமல் ஜெபம் சொல்லிப் பழகியவர்கள். அன்று மிஸ் ஹெப்வொர்த் ரொட்டி கேட்கும் வரியை ஒவ்வொரு சொல்லாக ஊட்டினாள். என் கவனம் அவள் கையுறையில் இருந்த தையலில் இருந்தது. வாய் தானாக ஓடியது. மன்னிப்புக் கேட்கும் வரி, சோதனை வரி, ஆமென் வரை, ராச்டேல் பேச்சின் இழுவையோடு.

கணப்பில் கரி ஒன்று சரிந்தது.

“எந்த ஊரு?” என்றாள். அவள் என்னிடம் சாதாரணக் குரலில் கேட்ட முதல் கேள்வி.

“ராச்டேல், மிஸ்.”

“நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது, மிஸ்.”

“அப்பாவப் பத்திச் சொன்னதும்?”

“அதுவும்தான்.”

அவள் வெகு நேரம் கைப்பைக் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள். “அந்த ஃபிளானல் வெளிநாட்டு மிஷனுக்குன்னு தெச்சது. உள்ளூர் ஏழைங்களுக்கு வேற கமிட்டி இருக்கு” என்றாள். பிறகு, நேர்மையானவள் என்பதால், “கொட்டகைக்காரங்கள அவங்க சேத்துக்க மாட்டாங்க” என்றும் சொன்னாள்.

அதை நான் போட்டுக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் போய்க் கழற்றி, மடித்துக் கொடுத்தேன். கழுத்துப் பட்டியில் காவி ஒட்டியிருந்தது. அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

“போச்சு. நாளைக்கு ஊரே சிரிக்கும்” என்றார் ஓபட். “கெட்ட வார்த்த பேசி மாட்டினவங்களப் பாத்திருக்கேன். ஜெபம் சொல்லி மாட்டினவ நீ ஒருத்திதான்.”

“அதான் தலையத் தலைய ஆட்டிட்டு உக்காருன்னு சொன்னேன்” என்றான் ஜேபஸ். அவன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஏணியின் உச்சியில் நிற்கும்போது எதையும் நினைக்கக் கூடாது. அன்று நான் நினைத்தேன். ஃபிளானலை அல்ல. இனி யார் என்னிடம் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள் என்று. ஒரு விசிறி கீழே விழுந்தது. ஜேபஸ் அதற்கும் சேர்த்துக் குனிந்து வணங்கினான்.

ஊர் சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வழக்கமான நேரத்தில் மிஸ் ஹெப்வொர்த் வந்தாள். என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். வேறொரு ஃபிளானல் சட்டை, பலமுறை துவைத்தது, முழங்கையில் ஒட்டுப்போட்டது.

“இது கமிட்டியோடது இல்ல. என்னோடது” என்றாள் படபடவென்று.

“மிஸ், என் பேரு வந்து—”

அவள் கையை உயர்த்தினாள். உட்கார்ந்தாள், புத்தகத்தைத் திறந்தாள், ஜன்னலைச் சுட்டிக்காட்டி உரக்கச் சொன்னாள்: “ம... ழை.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து சிவந்திருந்தது.

“ம... ய... ழை” என்றேன், என்னால் முடிந்த அளவு மோசமாக.

“ரொம்ப நல்லாச் சொன்ன.”

ஞானஸ்நானத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஓபட்தான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை ‘எப்போ, எப்போ’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றும் கொஞ்ச நேரத்தில் அவள் புத்தகத்தை மூடினாள். நாற்காலியை நெருப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு, “அந்தப் பெட்டியில விரிப்பு மட்டுமில்ல, தெரியுமா...” என்று தணிந்த குரலில் ஆரம்பித்தாள்.

ஒரு சொல்லும் புரியாதவளாக நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.