மிஷோ வீட்டு பிக்கப்

என் தங்கை லிசெட்டுக்கு எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டவள். அப்படிப்பட்டவள் ஒரு பழைய பிக்கப்பை வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை.

வண்டி மிஷோ அம்மாவுடையது. அவர் கணவர் முந்தின அக்டோபரில் இறந்துபோனார். அன்றிலிருந்து அது கொட்டகையிலேயே நின்றது. டபுள் கேபின், முன்னும் பின்னும் இரண்டு வரிசை இருக்கை. நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர் போகலாம். லிசெட், அவள் புருஷன் ஆல்பன், நான்கு பிள்ளைகள் என்று அவர்கள் வீட்டுக்கே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. ஆனால் ஓடிய தூரம் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் மைல். லிசெட்டுக்கு அந்த எண்தான் முள்ளாகக் குத்தியது.

அவர்கள் வீடு நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே, மண்சாலையில் இருக்கிறது. மெய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில் ஏப்ரல் மாதம் பனி உருகினால் அந்தச் சாலை கூழாகிவிடும். அவர்களிடம் இருந்த சின்னக் கார் வாரத்துக்கு இருமுறை சேற்றில் புதைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர ஆல்பன் இரண்டு நடை அடிக்க வேண்டும். மர அறுவை ஆலையில் வேலை பார்க்கும் அவனுக்கு, பிக்கப் இருந்தால் சனிக்கிழமைகளில் விறகு ஏற்றும் வேலையும் கிடைக்கும். பங்குச் சாமியாரே சொல்லி வைத்திருந்தார்.

ஆல்பன் அந்த வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். அன்றே மனசைக் கொடுத்துவிட்டான். லிசெட் அசையவில்லை. ஒரு சனிக்கிழமை காலை என் சமையலறையில் இருவரும் வாதாடினார்கள். நான் ப்ளோய் சுட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் தோசை அது, ஒரு பக்கம்தான் வேகவைப்போம். எண்ணெய் மாற்றிய ரசீது முதற்கொண்டு மிஷோ பெரியவர் கோப்பு போட்டு வைத்திருக்கிறார் என்று ஆல்பன் சொன்னான். ரசீதை வைத்துக்கொண்டு நடுக்காட்டில் பிள்ளைகளோடு நிற்கவா என்று லிசெட் கேட்டாள். கடைசியில் அவள் என் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், நீங்க அடியில படுத்துப் பாருங்க. நீங்க வாங்குன்னா வாங்குறோம். வேணாம்னா வேணாம். அதுக்கு மேல எனக்கு யோசிக்கத் தெம்பில்ல."

என் கணவர் ரோசேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு உருளைக்கிழங்குப் பண்ணையின் பட்டறையில் முப்பது வருடமாக மெக்கானிக். பழைய வண்டி வாங்கும் யாரும் இந்தப் பள்ளத்தாக்கில் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. காசு வாங்கமாட்டார். குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டி கரையச் சாலையில் உப்பைக் கொட்டுகிற ஊர் இது, அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். எஞ்சின் போனால் மாற்றலாம், சேசிஸ் என்கிற அடிச்சட்டம் துருப்பிடித்துப் போனால் வண்டியே போயிற்று. அவர் சின்னச் சுத்தியலால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு ணங்கென்று பேசும். உளுத்துப்போனது தொப்பென்று அடங்கும். எத்தனையோ முறை டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று எனக்கே அந்தச் சத்தம் பழகிவிட்டது.

அன்றும் நான்தான் டார்ச் பிடித்தேன். மிஷோ அம்மாவின் கொட்டகையில் அட்டையை விரித்து ரோசேர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். முன்சக்கரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங், ணங். பின் ஆக்ஸில் வரைக்கும் அதே சத்தம். மறுபக்கமும் அப்படியே. பிறகு வெகுநேரம் தட்டாமல் படுத்தே கிடந்தார்.

வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தார். லிசெட்டைப் பார்க்காமல் ஆல்பனைப் பார்த்துச் சொன்னார்.

"பின்னாடி ஆக்ஸிலுக்கு மேல உளுத்துருக்கு. மேல கருப்புப் பெயிண்ட் அடிச்சு மூடியிருக்காங்க. இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கினா பெருசு. பிள்ளைங்கள ஏத்துற வண்டி இல்ல சகலை இது."

ஆல்பன் குனிந்து பார்த்தான். கருப்பாகத்தான் தெரிந்தது. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். லிசெட் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். தப்பித்தோம் என்றாள்.

எனக்கு ஏதோ இடித்தது. நான் கேட்ட சத்தத்தில் ஒரு இடத்தில்கூடத் தொப்பென்று விழவில்லை. ஆனால் அவர் முப்பது வருட மெக்கானிக், நான் டார்ச் பிடிப்பவள். எனக்கென்ன தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியிலும் கேட்கவில்லை.

மிஷோ அம்மாவிடம் வண்டி வேண்டாம் என்று சொல்ல லிசெட்தான் போனாள். காரணத்தையும் பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள். அந்தம்மா, தன் கணவர் வாராவாரம் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவாரே என்று மட்டும் சொன்னாராம். பிறகு லிசெட்டும் ஆல்பனும் நகரத்தில் ஒரு வேன் வாங்கினார்கள். ஆறு பேரும் உட்காரலாம், ஆனால் சேற்றில் காரைவிட மோசம். சாமியார் வீட்டு விறகு வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

இதற்கு நடுவே எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என் ஒரே மகன் ரெமி நான்கு வருடமாகக் கனெடிகட்டில் இருந்தான். திரும்பி வந்துவிடு என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அழுதிருக்கிறேன். ரோசேர் வேலை பார்க்கும் பண்ணையிலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. சொந்தமாகப் பிக்கப் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அப்பா ஒன்று பார்த்து வைத்திருக்கிறார் என்று ரெமி சொன்னான். என்ன வண்டி என்று நான் கேட்டதற்கு, வரும்போது பார்த்துக்கொள் என்றார் இவர்.

மே மாதம் ஒரு புதன்கிழமை ரெமியும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலை ரோசேர் பண்ணைக் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்துவந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினார். நான் மாவுக்கையோடு வெளியே வந்தேன். மிஷோ வீட்டு பிக்கப். கழுவித் துடைத்து, கண்ணாடியில் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உளுத்த சேசிஸுக்கு இந்த மாநிலத்தில் ஸ்டிக்கர் கொடுக்கமாட்டார்கள்.

ரெமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியதும் நான் இவரைப் பார்த்தேன்.

"சேசிஸ் உளுத்துப் போச்சுன்னு சொன்னீங்க."

"ரெமி வரணும்னு நாலு வருஷமா அழுதது யாரு? வண்டி இல்லாம அவனுக்கு வேலை இல்ல. இந்த விலைக்கு இந்தப் பக்கம் வேற வண்டியும் இல்ல. உனக்காகத்தான் செஞ்சேன்."

"அவ என் தங்கச்சிங்க."

"அவங்களுக்கு வேன் கிடைச்சிருச்சுல்ல. யாரு குடி முழுகிப்போச்சு?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. அவர் எப்போதும் சாந்தமான மனிதர். லிசெட் எனக்குப் பதினைந்து வயது இளையவள். அம்மா ஆலைக்குப் போன நாட்களில் அவளுக்கு நான்தான் தலைவாரிவிட்டேன். என் கல்யாணத்தில் இவர் மடியில் உட்கார்ந்துதான் கேக் தின்றாள். அவளிடம் இவர் பொய் சொன்னார் என்பது என் தலைக்குள் நுழையவே மறுத்தது.

அன்று லிசெட்டுக்குப் போன் செய்ய இரண்டு முறை எடுத்தேன். வைத்துவிட்டேன். வெள்ளியும் போனது, சனியும் போனது. அடுத்த அறையில் மகன் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு வருடம் கழித்துக் கேட்கிற சத்தம். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் ரெமியின் வண்டிப் பக்கத்தில் லிசெட்டும் ஆல்பனும் நின்றிருந்தார்கள். லிசெட் ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது மிஷோ அம்மா வண்டிதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசேர் முந்திக்கொண்டார். உளுத்த இடத்தை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்துவிட்டேன், பதினைந்து நாள் வேலை, உங்களால் அதெல்லாம் முடியுமா என்று சரளமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே நம்பத் தோன்றியது.

ஆல்பன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு சரளைக்கல்லில் படுத்தான். பின்சக்கரத்துக்கு உள்பக்கம் தலையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்து தூசியைத் தட்டினான்.

"எங்க சகலை வெல்டிங்கு? எனக்கு வண்டி தெரியாது, ஆனா ஆலையில தினமும் வெல்டிங் பாக்குறவன் நான். துரு தானா ஆறிப்போச்சோ?"

ரோசேர் போகலாம் என்று ரெமியிடம் கை காட்டினார். ரெமிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

லிசெட் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"ஒரு ஸ்டிக்கர் கடைக்குக் கொண்டுபோயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நாங்க போகல. அத்தான் பாத்தா போதும்னு இருந்துட்டோம். அது எங்க தப்பு. நீ டார்ச் பிடிச்சுட்டு நின்னியே அக்கா. உனக்குத் தெரியுமா?"

"அவர் வாங்கப் போறாருன்னு சத்தியமாத் தெரியாது லிசெட்."

"நான் அதக் கேக்கல."

எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் என் காதில் இருந்தது. சந்தேகம் இருந்தது என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் தெரிந்ததும் ரெமி அன்று மாலையே சாவியை எடுத்துக்கொண்டு லிசெட் வீட்டுக்குப் போனான். அவள் அவனுக்குக் காப்பி கொடுத்து, புது வேலையைப் பற்றியெல்லாம் விசாரித்திருக்கிறாள். சாவியை மட்டும் தொடவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் அந்த வண்டியில் ஏறினால் ஒவ்வொரு தடவையும் என் வயிறு எரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ரெமி அந்த வாரமே பண்ணைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போனான்.

எனக்கு மிஷோ அம்மாவின் நினைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எண்பது வயதுக்காரர், கம்பளி பின்னிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, என் கணவர் பொய் சொன்னார் என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"உளுத்த வண்டிக்கு இதுவே அதிகம்னு பாதி விலை குடுத்தாரும்மா உன் புருஷன். பாவம், உதவி பண்றாருன்னு நெனச்சேன்."

அதுவரை, மகனுக்காகச் செய்தார், எனக்காகச் செய்தார் என்று ஒரு மூலையில் அவருக்குச் சாக்கு வைத்திருந்தேன். அந்த மூலையும் போயிற்று. தனியாக இருக்கிற ஒரு கிழவியிடம் பேரம் பேசியது யாருக்காக?

மிஷோ அம்மா விலையைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. அவர் மனசு வேறெங்கோ இருந்தது.

"உளுத்தது தெரியாம இருக்க என்கிட்டயும் மறைச்சுப் பெயிண்ட் அடிச்சுட்டாரோன்னு செத்த மனுஷன் மேல இத்தன நாளா கோவத்துல இருந்தேன். அது பெயிண்ட் இல்லம்மா. துருப்பிடிக்காம இருக்க வருஷா வருஷம் பூசுற எண்ணெய். எனக்கே தெரியும். தெரிஞ்சும் உன் புருஷன் சொன்னத நம்பினேன் பாரு. ரெண்டு மாசமா கல்லறைப் பக்கம் போகல. என்னக் கூட்டிட்டுப் போறியா?"

கூட்டிக்கொண்டு போனேன். அவர் கல்லறைக்கு முன்னால் நின்றிருந்த நேரம் முழுவதும் நான் காரிலேயே இருந்தேன். இறங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மீதி விலையை ரெமிதான் அந்தம்மாவுக்குக் கொடுத்து முடித்தான். வண்டி இப்போதும் ஓடுகிறது, இதுவரை வழியில் ஒருமுறைகூட நின்றதில்லை. பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னும் ரோசேரைத் தேடி வருகிறார்கள். அவரும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போகிறார். என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவர் வெளியே மழை பெய்கிறது என்றால் நான் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்.

போன ஜூனில் லிசெட்டின் மூத்த மகளுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்தது. எங்களையும் அழைத்திருந்தாள். இவர் வரவில்லை, நான் மட்டும் போனேன். முன்பெல்லாம் அந்த வீட்டில் விசேஷம் என்றால் விடியற்காலையே ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பவள் நான்தான். இந்த முறை முன்னறையில் சாமியாருக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே ஆல்பனின் தங்கை நின்று கறி வெட்டிக்கொண்டிருந்தாள், நீங்கள் உட்காருங்கள் என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

லிசெட் ஒவ்வொருவராகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் தட்டருகே குனிந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். சாமியாரிடம் கேட்ட அதே குரலில், அதே புன்னகையோடு.

போதும் என்றேன்.