கடல் எந்தப் பக்கம்?

"பத்து நிமிஷ வீடியோ போதும்மா நெரிடா. ரோரி போட்ட நாப்பத்தெட்டு கோலையும் பாஸ்கோ பார்க்க வேண்டாம். நல்லதா இருபது பொறுக்கிக் கோத்துக் குடு. மிச்சத்தை நான் வாயாலயே வித்துடறேன்."

இப்படிச் சொன்ன டெஸ் மலோய், எங்கள் ஊர் ஃபுட்டி கிளப்பின் கோச். ஃபுட்டி என்றால் பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலிய ஃபுட்பால். பாஸ்கோ, மெல்பர்னில் உள்ள பெரிய கிளப் ஒன்றுக்கு ஆள் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. ரோரி கில்மார்ட்டினை எடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குத் தீர்மானமாகிவிடும். ரோரிக்கு வயது இருபத்தொன்று. எங்கள் முன்வரிசையில் கோல் போடுகிறவன். வாரநாட்களில் பால் தொழிற்சாலையில் வேலை. ஒரே வீட்டில்தான் இருந்தோம்; ஜனவரியில் அவனுக்கும் எனக்கும் கல்யாணம்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கிளப்பின் ஆட்டங்களை வீடியோ எடுத்துத் தொகுப்பதும் நான்தான். "மாப்பிள்ளைக்கு மார்க் போடற வேலை உனக்கே வந்திடுச்சே" என்று டெஸ் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் உட்கார்ந்து தொகுக்க ஆரம்பித்தேன். வேலை சுகமாக இருந்தது. ரோரி மூன்று பேர் தோள்களுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பதை யாரும் ஒரு தடவையோடு பார்த்து நிறுத்தமாட்டார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தேன். பன்னிரண்டாவது ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே இடித்தது. மூன்று வாரம் வெளியே இருந்துவிட்டு, சோதனையில் தேறித் திரும்பி வந்தான். வந்த பிறகு இன்னும் நன்றாக ஆடினான். கடைசி நான்கு ஆட்டங்களில் பதினேழு கோல்.

அதில் ஒரு கோலை ஊரே அறியும்.

எங்கள் மைதானத்தின் ஒரு முனைக்கு நாங்கள் 'கடல் பக்கம்' என்று பேர் வைத்திருக்கிறோம். மற்றது 'பப் பக்கம்'. காற்று எப்போதும் கடலிலிருந்துதான். அதனால் எங்கள் ஊர் ஆட்கள் கோலுக்கு உதைக்கும் முன் இரண்டு புல்லைக் கிள்ளி மேலே எறிந்து, அது எங்கே சாய்கிறது என்று பார்ப்பார்கள். மெல்பர்னில் ஒரு ஆட்டம் கூரை மூடிய ஸ்டேடியத்தில் நடந்தது. மூடின கட்டடத்துக்குள் காற்று ஏது? ரோரி அங்கேயும் புல்லைக் கிள்ளி எறிந்தான். பக்கத்தில் நின்ற பையன்களிடம், "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கேட்டுவிட்டு ஐம்பது மீட்டரிலிருந்து கோல் கம்பங்களுக்கு நட்ட நடுவில் உதைத்தான்.

கிளப்பில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சிக்கு அவன் வந்தாலே, "டேய், மேயறதுக்கு மாடு வந்திடுச்சு, புல்லைக் காப்பாத்துங்கடா!" என்று கத்துவார்கள். அவனும் மாடு மாதிரியே குரல் கொடுப்பான்.

அன்று கேமரா அவன் முகத்துக்கு நேராக இருந்திருக்கிறது. நான் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். புல் நேராகக் கீழே விழுகிறது. அவன் மறுபடி கிள்ளுகிறான். மறுபடியும் நேராக விழுகிறது. மூன்றாவது முறை கிள்ளும்போது அவன் தலை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கிறான். கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தையின் பார்வை அது. பிறகுதான் கேட்கிறான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எங்கள் நாய் பிஸ்கட் இரண்டு மாதமாகக் குண்டாகிக்கொண்டு வந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் அதற்குச் சாப்பாடு வைப்பது ரோரியின் வேலை. வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைப்பான். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் நடந்ததும் நினைவுக்கு வந்தது. பருவம் தொடங்கும் முன்பு எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஞாபகச் சோதனை வைப்பார்கள். தலையில் அடிபட்டால் மறுபடி வைத்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். அன்றைக்கு ரோரி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். "வேணும்னே பாதியைத் தப்பாப் போட்டேன் நெரி. இனி மண்டை உடைஞ்சாலும் பாஸ்தான்!" பையன்கள் பாதிப் பேர் செய்கிற காரியம். நான் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, "ஏற்கெனவே உள்ள ஒண்ணும் இல்ல, இதுல தப்பு வேற போடணுமா?" என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"காலைல மட்டும்."

"எத்தனை நாளா?"

"விடு நெரி. ஒரே ஒரு வருஷம். எடுத்துட்டான்னா டாக்டருங்க எல்லாம் அங்கேயே இருக்காங்க. நானே போய்ச் சொல்றேன். சத்தியமா."

"சொன்னா ஆட விடுவாங்களா?"

அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "பால் பாக்டரியிலயே நான் கெடக்கணும்னு ஆசைப்படறியா? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். அந்தப் புல்லு சீனை மட்டும் எடுத்துடு. உன்கிட்ட இதுக்கு முன்னாடி நான் எதுவுமே கேட்டதில்ல."

உண்மைதான். அவன் எதுவும் கேட்டதில்லை. எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் பிஸ்கட்டுக்குச் சாப்பாடு வைத்தான். செய்தி பார்த்துவிட்டு எழுந்து போய் மறுபடி வைத்தான். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையும் வைத்தான். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ரோரி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைத் தடவினான்.

"நெரி, இது காலையிலேருந்து எதுவுமே சாப்பிடல போல. உடம்பு சரியில்லையோ? நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோமா?"

அவன் குரலில் அத்தனை அக்கறை. நான் குழாயை மூடாமலே நின்றேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு கிளப் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். ரோரி புதுச் சட்டை போட்டிருந்தான். டெஸ் எல்லோருக்கும் சூடாக, இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை எடுத்து வைத்தார். பாஸ்கோ ஒல்லியான மனிதர். மீட் பையைத் தொடவே இல்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"இடது கால் சுமார்," என்றார்.

"சுமார்தான். ஆனா பிப்ரவரில அது வெறும் மரக்கட்டை. நிக்கறதுக்கு மட்டும்தான் உதவும்," என்றார் டெஸ்.

"பந்து கை விட்டுப் போனா துரத்தறானா?"

"நாய் மாதிரி துரத்துவான்."

"உடம்பு இன்னும் ஏழெட்டுக் கிலோ ஏறணும். ரெண்டு வருஷம் ஒப்பந்தம்னா முதல் வருஷம் கீழணியிலதான் ஆடணும். பரவாயில்லையாப்பா?"

"எதுல வேணா ஆடறேன் சார்," என்றான் ரோரி. மேசைக்கு அடியில் அவன் முழங்கால் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது, நன்றி சொல்வது போல.

பத்தொன்பது கோல்கள் ஓடின. பாஸ்கோ இரண்டு முறை, "ம்ம்" என்றார். அவர் அதிகமாகப் பாராட்டுவது அவ்வளவுதான் என்று டெஸ் கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

இருபதாவதாகப் புல் வந்தது.

டெஸ் சிரிக்க ஆரம்பித்தார். "இதைப் பாருங்க சார், ஊரே சிரிச்ச கூத்து இது. கூரைக்குள்ள காத்து தேடறான்!"

பாஸ்கோ சிரிக்கவில்லை. மூன்று முறை புல் விழுந்தது. ரோரியின் முழங்கால் என் முழங்காலை விட்டு நகர்ந்தது.

"அன்னிக்கு அவன் தமாஷுக்குத்தான் கேட்டானா?" என்று பாஸ்கோ என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல சார்," என்றேன். பிறகு நாயைப் பற்றிச் சொன்னேன். காலைத் தலைவலியைச் சொன்னேன். பிப்ரவரி சோதனையைச் சொன்னேன், அதை நான் கேலி பேசி விட்டுவிட்டதையும் சேர்த்து. டெஸ்ஸின் கையில் பாதி தின்ற மீட் பை அப்படியே இருந்தது. அவர் ரோரியைப் பார்த்து, "ஏன்டா... என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா," என்றார். ரோரி எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனான்.

மெல்பர்னில் மூளை டாக்டர் ஒருவர் இரண்டு நாள் பரிசோதித்தார். இனி எந்த மைதானத்திலும் ஆடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இன்னும் ஒரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை டெஸ்தான் எனக்குச் சொன்னார். ரோரி அப்போது அவன் அண்ணன் வீட்டில் இருந்தான். என் போனை எடுக்கவில்லை. பருவ முடிவு அறிக்கையில் அவன் பக்கத்தை டெஸ் நிரப்பிக்கொண்டே வந்து, 'எதிர்காலம்' என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவன் வண்டி வீட்டு வாசலில் நின்றது. துணிகளையும் பூட்ஸையும் எடுக்க வந்திருந்தான். பிஸ்கட் அவன் மேல் தாவியது. அவன் அதைத் தூக்க முயன்று, கனம் தாங்காமல் கீழே விட்டான். பெட்டியைக் கட்டி முடித்துக் கதவருகே நின்று சொன்னான்:

"நீ செஞ்சது சரியா இருக்கலாம் நெரி. எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆனா உன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உன்னை என்னால மன்னிக்க முடியாது. ஜனவரியை மறந்திடு."

நான் தலையாட்டினேன். அவன் வண்டிக்குப் போனான். அதைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு மாறிவிட்டானோ என்று ஒரு கணம், ஒரே கணம், நினைத்தேன்.

இறங்கி வந்தான். கதவைத் தட்டினான். திறந்தேன். சொல்ல வந்ததை நெஞ்சில் கூட்டிச் சேர்த்துக்கொண்டவன் போல அவன் ஒரு மூச்சு இழுத்தான்.

"நீ செஞ்சது சரியா இருக்கலாம் நெரி. எல்லாரும் அதான் சொல்றாங்க..."

நான் அவனை நிறுத்தவில்லை. அதே சொற்கள், அதே இடத்தில் தடுமாற்றம். 'ஜனவரியை மறந்திடு' வரைக்கும் நின்று கேட்டேன். இப்போதுதான் முதல் முறை கேட்பவள் போலவே தலையாட்டினேன்.

பிறகு உள்ளே போய் அவன் அண்ணனுக்கு போன் செய்து, வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் வரும்வரை ரோரி வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். இரண்டடி தள்ளி நானும் உட்கார்ந்திருந்தேன். கடலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.