டிராம் நிற்கும் விதம்

வேலப்பன் மூன்றே மூன்று படம் பார்த்தவன். மூன்றும் சண்டைக்கு முன்னால் ஈப்போ கொட்டகையில் பார்த்தது. மூன்றிலும் கதை நடப்பது மெட்ராஸ் பட்டணத்தில். மலாயா மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் கூலிவீட்டு லயத்திலேயே பிறந்து, அந்த மூன்று தரம் மட்டுமே மலையை விட்டு இறங்கியவன். ஆனாலும் வாயைத் திறந்தால் மெட்ராஸ்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் தேயிலைச் செடியை வெட்டிவிட்டு மரவள்ளி போடச் சொன்னார்கள். அரை வயிற்றோடு மண் கொத்துகிறவர்களுக்கு வேலப்பன் பேச்சுதான் தொட்டுக்கொள்ள.

"நம்ம மெட்ராஸ்ல டிராம் இருக்கே, மாடும் கிடையாது, புகையும் கிடையாது. தானா ஓடும் லா" என்பான். படத்தில் பார்த்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆசை வைத்த ஊர். பார்த்ததற்கும் இருந்ததற்கும் நடுவே இருந்த கோடு அவனுக்கே அழிந்துபோயிருந்தது.

அதுதான் வினையாய் முடிந்தது. சயாமில் ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். தண்டவாளம், டிராம் தெரிந்தவனை முதலில் அனுப்பு என்று உத்தரவு வந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிரகரி கிராணி நம்பிக்கையோடு வேலப்பன் பெயரை எழுதிவிட்டார். சயாமுக்குப் போனவன் எவனும் அதுவரை திரும்பவில்லை.

பெண்சாதி சாரதா ஒரே பிடியாய்ச் சொன்னாள்: "நான் பாத்தது வெறும் படம்னு ஆபீசுல ஒத்துக்கோ."

"லயமே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நான் அழறதுக்கு அது தேவலாம்."

மறுநாள் காலை ஆபீசு வாசலில் லயமே திரண்டு நின்றது. வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்த நாற்காலியில் இப்போது கத்தியும் பூட்சுமாய் ஜப்பான் அதிகாரி. அவர் மலாயில் கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்.

"டிராம் தெரியுமான்னு கேக்குறாரு."

"ஐயா, அது வந்து... படத்துல..." என்று ஆரம்பித்தான். பின்னாலிருந்து பக்கத்து வீட்டு ராமையா கனைத்தான். வேலப்பனின் நாக்கு புரண்டுவிட்டது. "தெரியுங்க. நல்லாத் தெரியும்!"

சாரதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஓடுற டிராமை எப்படி நிறுத்துறது?"

அந்த இடம் அவனுக்கு மனப்பாடம். "கைக்குழந்தையோட ஒரு பொண்ணு தண்டவாளத்துல வந்து நிக்கணுங்க. தலைமுடி அவுந்து கிடக்கணும்."

கிராணி விழித்தார். வேறு வழியில்லாமல் அப்படியே மலாயில் சொன்னார். அதிகாரியின் புருவம் ஏறியது.

"பொண்ணு வரலேன்னா?"

"நிக்காதுங்க. வந்தாலும் உடனே நிக்காது. பாட்டு முடியணும். கடைசி அடியில, அவ மேல மோத ஒரு சாண் இருக்கும்போது நிக்கும்."

"ஓட்டுறவன் என்ன செய்வான்?"

"அழுவான் ஐயா. காணாமப்போன அண்ணன்காரனே அவன்தானே!"

சொல்லும்போதே வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிராணி மலாயில் சொல்லி முடித்ததும், அதிகாரி விரலைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுழற்றினார்.

"கீலா!"

பைத்தியம் என்பதற்கு அந்த மலையில் யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அதிகாரி பட்டியலில் வேலப்பன் பெயரை அடிக்கச் சொன்னார். கிறுக்கனை எழுதி அனுப்பியதற்காகக் கிராணி கன்னத்தில் ஓர் அறை விட்டு, கார் ஏறிப் போய்விட்டார்.

லயம் விழுந்து விழுந்து சிரித்தது. "அடப்பாவி, இம்புட்டும் படமாடா?" என்றான் ராமையா. சாரதா புருஷன் கையை இறுகப் பிடித்து இழுத்தாள்.

கன்னத்தைத் தடவிக்கொண்டே கிராணி வந்து வழியை மறித்தார். திட்டப்போகிறார் என்று வேலப்பன் குனிந்தான்.

"ஏம்பா, அந்த அண்ணன் தங்கச்சிய அடையாளம் கண்டுக்கிட்டானா இல்லையா?"

வேலப்பன் நிமிர்ந்தான். "பாட்டோட சொல்லவா கிராணி, பாட்டில்லாமலா?"