இருபத்தோரு தெருக்களுக்கு ஓர் அப்பம்

எங்கள் பகுதியைச் சுற்றி ஒரு மெல்லிய கயிறு ஓடுகிறது. மெரிடன் ஹைட்ஸில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. மின்கம்பங்களின் உச்சியில், தொலைபேசிக் கம்பிகளோடு கம்பியாக, இருபத்தோரு தெருக்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். வியாழன்தோறும் காரில் மெதுவாகப் போய், அது எங்காவது அறுந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது என் வேலை. தொலைபேசி நிறுவனத்தில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன் நான். கழுத்து அதற்குப் பழகிவிட்டது.

யூதர்களான நாங்கள் சபாத் நாளில், அதாவது வெள்ளி அந்தி முதல் சனி இரவுவரையான ஓய்வுநாளில், வீட்டுக்கு வெளியே எதையும் சுமப்பதில்லை. சாவி, பிரார்த்தனைப் புத்தகம், கைக்குழந்தை, எதுவும் கூடாது. சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் சுமப்பதில்தான் சேரும். வீட்டுக்குள் என்றால் தாராளமாகச் சுமக்கலாம். ஆகவே எங்கள் முன்னோர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்: வீடு என்பது எங்கே முடிகிறது? சுவரில். சுவரில் வாசல் இருந்தால்? இருந்தாலும் சுவர்தான். இரண்டு வாசல்? அப்போதும் சுவர்தான். அப்படியென்றால், முழுக்க முழுக்க வாசல்களாலேயே ஆன ஒரு சுவர்? இரண்டு கம்பங்கள், அவற்றின் தலைக்கு மேலே ஒரு கயிறு: அது ஒரு வாசல்நிலை. அடுத்த கம்பம்வரை இன்னொன்று. இப்படி நூற்றுக்கணக்கான வாசல்களை வரிசையாக நிறுத்தினால் ஊரைச் சுற்றி ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. இதற்கு ஏருவ் என்று பெயர். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

அந்த வாரம் அது சரியாக இருந்தே ஆக வேண்டும். காரணம் ஃப்ரூமா லிப்கின்.

ஏழு வாரங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, ஒருவன் துப்பாக்கியோடு எங்கள் ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தான். மூன்று பேர் இறந்தார்கள். ஃப்ரூமாவின் கணவர் மெய்லக் அவர்களில் ஒருவர். ஃப்ரூமாவுக்கு இடுப்பில் குண்டு. அதன் பிறகு கட்டடத்தைப் போலீஸ் பூட்டியது. நாங்கள் பக்கத்துத் தெரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் கூடத்தில், அவர்கள் சிலுவைக்கு ஒரு மேசைவிரிப்பைப் போர்த்திக் கொடுக்க, அங்கே தொழுதோம். கடைசியில் சுவர்களைப் பூசி, தரையை மாற்றி, வரும் சனிக்கிழமை கதவைத் திறப்பது என்று முடிவாயிற்று. அதே வாரம் ஃப்ரூமாவும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாள், சக்கர நாற்காலியில்.

"முதல் நாளே உள்ள போயிடணும் ஹிர்ஷ்," என்று வந்த அன்றே என்னிடம் சொன்னாள். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டேன்னா நான் போகவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அப்புறம் அது அவரு விழுந்த இடமாவே இருந்துடும்."

"தேவாலயத்து ஆளுங்க தள்ளிட்டு வர்றோம்னு சொல்லியிருக்காங்களே. நம்ம தடை அவங்களுக்குக் கிடையாதே."

"தங்கமான ஜனங்க. ஆனா நாப்பது வருஷம் நம்மாளுங்க கூட நடந்து போன வாசல் அது. நம்மாளு யாராவதுதான் தள்ளணும். நீ தள்ளு. உன் கயிறு அறுந்துபோச்சுன்னு மட்டும் வந்து நிக்காத."

அறுந்துபோகவில்லை. வியாழக்கிழமை சுற்றி வந்தேன். எல்லாம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு எங்கள் மதகுரு, ராபி எலிஷா, அழைத்தார். ஜெப ஆலய மூலையில் பாதுகாப்புக் கேமராவுக்குப் புதுக் கம்பம் நடுகிறார்களாம்.

ஓடினேன். பயந்தது சரிதான். வேலைக்காரர்கள் எங்கள் பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, கயிற்றை அக்கறையாகப் புதுக் கம்பத்தின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் பட்டியால் கட்டியிருந்தார்கள். பார்க்க உறுதியாக, அழகாகவே இருந்தது. ஆனால் வாசல்நிலையின் மேற்கட்டை தூண்களின் தலைமேல் உட்கார வேண்டும். விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வாசல் இல்லை. ஒரு வாசல் போனால் சுவரில் ஓட்டை. ஓட்டை விழுந்தால் ஏருவ் இல்லை. கொலைகாரனைத் தடுக்க நட்ட கம்பம் ஃப்ரூமாவைத் தடுத்துவிடும் போலிருந்தது.

என்னோடு வேலை பார்த்த டெல்வின் இப்போது மின்வாரியத்தில் தூக்கு வண்டி ஓட்டுகிறான். அரை மணியில் வந்து நின்றான். இருபது வருடமாக எங்கள் கயிற்றுக்கு அவன்தான் வைத்தியன்.

"மேல ஏத்தணும், அவ்வளவுதானே?" என்றான் வண்டியின் தூக்குக் கூடையில் ஏறிக்கொண்டே.

"உச்சிக்கு நேர் மேல. ஒரு விரல்கூட விலகக் கூடாது."

"ஒவ்வொரு தடவையும் இதையே சொல்ற. என் சர்ச்ல பாஸ்டர்கூட இவ்வளவு கறார் இல்லப்பா."

மூன்று மணிக்குக் கயிறு கம்பத்தின் தலைமேல் ஏறிவிட்டது. இழுத்துப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். வாரா வாரம் அனுப்புவது போல எல்லாக் குடும்பங்களுக்கும் கைபேசியில் செய்தி அனுப்பினேன்: ஏருவ் சரியாக இருக்கிறது, நல்ல சபாத். பதிலுக்கு வந்த இதயப் படங்களை எண்ணி முடியாது. எத்தனை வீடுகளில் குழந்தை வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ரூமாவிடம் நேரில் சொல்லலாம் என்று போனபோது மணி நாலு பத்து. அன்று சூரியன் மறைவது ஐந்து ஐந்துக்கு. அவள் சமையலறையில் சபாத் மெழுகுவர்த்திகளை நிறுத்திக்கொண்டிருந்தாள். கம்பத்தின் கதையை முதலிலிருந்து விளக்கினேன். கையால் உயரம் காட்டினேன். டெல்வின் போட்ட முடிச்சைக்கூட விளக்கினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்பம் எங்க இருக்கு?" என்றாள்.

"எந்த அப்பம்?"

"மெய்லக் வைப்பாரே, அந்த அப்பம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிறு பாதி வேலையைத்தான் செய்கிறது. சுவர் எழுப்பினால் ஊர் ஒரே முற்றம் ஆகும், அவ்வளவுதான். முற்றத்தைச் சுற்றி இருநூறு வீடுகள், இருநூறு அடுப்புகள் தனித்தனியாக இருக்கின்றனவே. அவை எல்லாம் ஒரே வீடு என்று ஆவது எப்படி? எல்லோருக்கும் சொந்தமான உணவு ஒன்று, வளையத்துக்குள் ஏதாவது ஓர் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே சாப்பாட்டில் எல்லோருக்கும் பங்கு இருந்தால் எல்லோரும் ஒரு வீட்டார். அதற்காக மட்சா, அதாவது புளிப்பில்லாத அப்பம், கெட்டுப்போகாது என்பதால் ஒரு பெட்டி வைப்போம். மெய்லக் வசந்தத்தில் வரும் ஒவ்வொரு பஸ்கா பண்டிகைக்கும் அதை மாற்றி ஜெப ஆலயச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவார். நான் கம்பங்களின் ஆள். அப்பத்தைப் பற்றி நினைத்ததே இல்லை.

ராபிக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ராபி, சமையலறை அலமாரில நீல டப்பா ஒண்ணு இருந்துச்சே, மட்சா டப்பா. இருக்கா?"

"சுத்தம் பண்ண வந்தவங்க உள்ள இருந்த தின்பண்டம் அத்தனையும் வெளிய போட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்," என்றார். "எனக்கு அது ஞாபகமே வரல ஹிர்ஷ்."

"அது எப்ப நடந்தது?"

"மூணு வாரம் இருக்கும்."

மூன்று சபாத். மூன்று முறையும் "சரியாக இருக்கிறது" என்று நான் செய்தி அனுப்பியிருந்தேன். மூன்று முறையும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது.

"தெரியாம நடந்தது. அத ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசிக்கலாம்," என்றார் ராபி. "இப்ப மணி என்ன? நாலு இருபது. உங்க வீட்ல மட்சா இருக்கா?"

"நவம்பர் மாசத்துல யாரு வீட்ல மட்சா இருக்கும்?" என்றேன். உடனே ஞாபகம் வந்தது. "என் வீட்ல இருக்கும். வெண்ணெய் தடவித் திங்கிறதுக்கு வாங்கிப் போட்டிருக்கேன்."

"போய் எடுத்துட்டு வா," என்றாள் ஃப்ரூமா. "இங்க நின்னு இதையும் விளக்க ஆரம்பிச்சிடாத."

நான்கு வீடு தள்ளித்தான் என் வீடு. ஐம்பத்தொன்பது வயதில் அந்த நான்கு வீட்டை நான் ஓடியதை யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது. பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. திரும்பி வந்தபோது ராபி இன்னும் தொலைபேசியில் இருந்தார்.

"உங்க அப்பத்த நீங்களே ஊருக்குக் கொடுத்து நீங்களே வாங்கிக்க முடியாது," என்றார். "ஊர் சார்பா வேற ஒருத்தர் கையில வாங்கி, நாலு விரல் உயரம் தூக்கணும். தூக்கினா அது எல்லாருக்கும் சொந்தம். தூக்குறவங்க உங்க வீட்டு ஆளா இருக்கக் கூடாது. பக்கத்துல யாரு இருக்கா?"

நான் ஃப்ரூமாவைப் பார்த்தேன்.

"ஃப்ரூமா இருக்கா."

"அவங்க உங்க வீட்டு ஆள் இல்லையே?"

"கடவுள் காப்பாத்தினாரு," என்றாள் ஃப்ரூமா.

"அப்ப அவங்க தூக்கலாம். வைக்கிறது வளையத்துக்குள்ள எங்க வேணாலும் வைக்கலாம். அவங்க வீட்லயே இருக்கட்டும்."

பெட்டியை அவள் மடியில் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் அதன் ஓரங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப யாருக்காக வாங்குறேன்னு மனசுல நெனச்சுக்கோ," என்றேன். "வளையத்துக்குள்ள இருக்கிற எல்லாருக்காகவும். இனிமே குடி வரப்போறவங்களுக்காகவும்."

"எல்லாரும்னா எல்லாருமா? ஷிம்மலுமா?"

"ஷிம்மலும்தான்."

"எங்க பனி அள்ளுற மண்வெட்டிய வாங்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சு அந்த ஆளு."

"சட்டத்துல அவருக்கு விலக்கு இல்ல, ஃப்ரூமா."

"மெய்லக் எல்லாரையும் சேத்தே தூக்கியிருப்பாரு. யாரையும் விட மாட்டாரு. மனுஷனுக்கு வேண்டாதவங்கன்னு ஒரு ஆளு இருந்ததில்ல. எனக்குத்தான் ஒரு பட்டியலே இருக்கு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி. ஷிம்மலும் வரட்டும்."

தூக்கினாள். நான்கு விரல் உயரம் போதும். அவள் தன் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி அங்கேயே வைத்திருந்தாள். ராபி தொலைபேசியில் ஆசீர்வாதத்தையும் பழைய அரமேயு மொழி வாசகத்தையும் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். இந்த அப்பத்தால் வீட்டிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து வீட்டுக்கும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் எடுத்துச் செல்ல எங்கள் எல்லோருக்கும் அனுமதி உண்டாகட்டும் என்பது அதன் பொருள். கடைசிச் சொல் முடிந்த பிறகுதான் ஃப்ரூமா பெட்டியை இறக்கினாள்.

"ஆச்சா?"

"ஆச்சு. இருநூறு வீடும் இப்ப ஒரு வீடு."

"அப்ப வந்து யாராவது பாத்திரம் கழுவலாமே," என்றாள். நான் சிரித்துவிட்டேன். ராபியும் சிரித்தார். அவர் சிரிப்பைக் கேட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. சமையலறைக் கடிகாரத்தில் நாலு நாற்பத்திரண்டு. அவள் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்துக்கு நான் வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை குளிர் கடுமையாக இருந்தது, ஆனால் வெயில் அடித்தது. ஃப்ரூமா கறுப்புத் தொப்பி வைத்து, மடியில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு தயாராக இருந்தாள். தள்ளிக்கொண்டு கிளம்பினேன். பீச்வுட் தெருவைத் தாண்டும்போது முதல் குழந்தை வண்டி எங்களோடு சேர்ந்தது. அடுத்த திருப்பத்தில் இன்னும் இரண்டு. ஒரு கிழவர் கைத்தடியோடு, ஒருத்தி தோளில் தூங்கும் பெண் குழந்தையோடு. ஃப்ரூமாவின் கைகள் புத்தகத்தை விடாமல் பிடித்திருந்தன.

புதுக் கதவு கனமாக இருந்தது. காவலுக்கு நின்ற இளைஞன் அதை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான். வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்து."

நிறுத்தினேன். உள்ளே பூச்சு வாசனை அடித்தது. அவள் தரையைப் பார்த்தாள். புதுத் தரை. எந்த இடம் என்று தெரியாதபடி எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எனக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். திரும்பிப் போ என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் திருப்பியிருப்பேன்.

பின்னால் குழந்தை வண்டிகள் வந்து ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. கூட்டத்தின் கடைசியிலிருந்து ஷிம்மலின் குரல் வந்தது: "முன்னாடி யாரு? ஃப்ரூமாவா? ஏம்மா, வந்ததும் வராததுமா வழிய அடைச்சிட்டியே."

அவள் தோள் அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீரோடு.

"வீட்டுக்குள்ள வர்றவன் பேசுற பேச்சப் பாரு," என்றாள். "தள்ளு ஹிர்ஷ். குழந்தைங்க குளிர்ல நிக்குது."

தள்ளினேன். சக்கரங்கள் வாசற்படி மேல் ஒரு முறை குலுங்கி ஏறின. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவிலிருந்த தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் எழுந்து வந்து நாற்காலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தொப்பியைச் சரிசெய்தாள், ஒருத்தி கன்னத்தைப் பிடித்தாள், யாரோ அவளுக்காகத் தன் இடத்தைக் காலி செய்தார்கள். நான் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ராபி தொடங்கினார். அவர் முதல் ஆசீர்வாதத்தை முடிப்பதற்குள், தடுப்புக்கு அப்பாலிருந்து ஃப்ரூமாவின் குரல் உரக்க, கொஞ்சம் முந்திக்கொண்டே, "ஆமென்" என்றது. பிறகுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம்.