படத்தில் விட்டுப்போன வீடு

கத்திரி வெயிலில் வாட்டர் கலர் போடப் போவது கிறுக்குத்தனம் என்று பிரின்ஸி சொல்லித்தான் அனுப்பினாள். பாபநாசம் தாண்டி, குடமுருட்டிக் கரையில் ஒரு புங்கமரத்தடியில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்தபோது, என் மனைவி சொன்னது சரிதான் என்று தெரிந்தது. வானத்துக்கு நீலம் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால், அடுத்த இழுப்புக்குள் அது காய்ந்து கோடு கட்டிவிடுகிறது. வியர்வை சொட்டிய இடத்தில் மட்டும் நிறம் அழகாகப் பரவியது. ஆற்றில் வெறும் மணல். கரைக்குக் கீழே போர் தண்ணீரில் நட்ட வயல் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. அந்தப் பச்சைக்காகத்தான் வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டுத் திருச்சியிலிருந்து வந்து வெந்து சாகிறேன்.

பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடித் தென்னையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். வயலோரத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா வரப்பில் விறுவிறுவென்று வந்து, எனக்கும் தென்னைக்கும் நடுவில் நின்றார்.

"எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?"

"ஆபீஸெல்லாம் இல்லைங்க. சும்மா படம் வரையறேன்."

"அன்னைக்கு வந்தவங்களும் இப்பிடித்தான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தாங்க. கேட்டா, படம் போடுறோம்னாங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது, பைபாஸ் ரோட்டுக்குன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சந்தேகம் தீரட்டும் என்று படத்தைக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார்.

"எங்க வீடு எங்கங்க?"

வீட்டை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். நீலத் தகரக் கூரையும் பூசாத செங்கல் சுவரும் பச்சையைக் கெடுத்தன. அந்த இடத்தில் இரண்டு வாழையை நட்டு வைத்திருந்தேன்.

"அவங்க படத்துலயும் வீடு இல்லைங்க," என்றார். "வெத்து எடம்னு போட்டு வச்சிருக்காங்க. வீடு இருந்தாத்தான் மாத்து எடம் குடுப்பாங்களாம். காலமெல்லாம் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டு, இப்பத்தான் எங்களுக்குன்னு ஒண்ணு கட்டுனோம். செவ்வாக்கெழம விசாரணைக்கு வர்றாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தூரிகையில் தண்ணீர் தொட்டு வாழையைத் துடைத்தெடுத்தேன். தாள் நைந்தது.

"போட்டுத் தர்றேங்க. ஆனா இது ஆபீஸ்ல செல்லாது."

"செல்லாட்டிப் போவுது. ஒரு ஆளாவது பாத்துப் போட்டாங்கன்னு இருக்கட்டும்."

கூரையை, சுவரை, கொடியில் காய்ந்த புடவையை, ஆட்டுக் கொட்டகையைப் போட்டேன். காளியம்மாள் என்று பேர் சொன்னவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஆள் இல்லாம போட்டா பூட்டிக் கெடக்குற வீடும்பாங்க, இருங்க," என்று வரப்பில் திரும்பி ஓடினார். "ஏங்க, சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய வாங்க," என்று அவர் கணவரைக் கூப்பிடுவது கேட்டது.

இருவரும் வாசலில், உச்சி வெயிலில் வந்து நின்றார்கள்.

"நெழல்ல நில்லுங்கம்மா," என்று கத்தினேன்.

"நெழல்ல நின்னா மொகம் தெரியாதுல்ல?"

அந்தத் தூரத்துக்கு முகமாவது ஒன்றாவது. இரண்டு சின்னத் தீற்றல், தலைக்கு ஆளுக்கொரு புள்ளி. முடிந்துவிட்டது. போட்டாச்சு என்று கையை ஆட்டிக் காட்டினேன்.

"அவசரமில்லைங்க, நல்லாப் பாத்துப் போடுங்க. நாங்க நிக்கிறோம்," என்றார் காளியம்மாள்.

அவர் கணவர் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். கண்கூசும் வெயிலில், கையைக்கூடக் குறுக்கே வைக்காமல், இருவரும் என்னைப் பார்த்தபடியே நின்றார்கள்.