ஏறாத மொட்டைமாடி

லிஃப்ட் ஆய்வாளருக்குச் சபையில் மட்டக்கோல் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதுதான், ஆனால் மரியாதையாகவே சொன்னார்கள். ஆராதனைக்கு எப்போதும் பத்து நிமிடம் முன்னால் வந்து உட்காருவார். வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு டீ கூடச் சும்மா வாங்கிக் குடித்ததில்லை. ஆகவே, காலத்தின் ஒழுக்கச் சீர்கேட்டைப் பற்றிச் சபை ஓர் அறிக்கை வெளியிட வேண்டும், ஊரைத் திருத்தும் வேலை ஆலயத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சபை மன்றம் முடிவு செய்தபோது, எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். பிள்ளைகள் செல்போனே கதியென்று கிடப்பது, குடி, கல்யாணமான ஆறே மாதத்தில் வக்கீலைத் தேடி ஓடுவது, ஆபாசச் சுவரொட்டி என்று எதையும் விடவில்லை. ஏழாவது பத்தி பொய்யைப் பற்றியது. இப்போதெல்லாம் மனிதர்கள் கொஞ்சமும் கூசாமல் பொய்யில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார்.

அவர் மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவர். புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது பத்தி வந்ததும் விரல்கள் நின்றன. சண்டை போடும் சுபாவம் அவருக்குக் கிடையாது. எழுத்துப் பிழையைக் காட்டுவது போலத்தான் கேட்டார்.

"என்னங்க, இதை அப்படியே போடட்டுமா?"

"ஏன், என்ன தப்பு?"

"தப்பெல்லாம் இல்ல. முன்னெல்லாம் உங்க பேன்ட்டை ரெண்டு தடவை தேய்ச்சாத்தான் கிரீஸ் போகும். முட்டி வலி ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பொட்டுக் கறைகூட நான் பாக்கல. ரெண்டு வருஷமாச்சு."

லிஃப்டின் மோட்டார், பிரேக், கம்பிக்கயிறு ஓடும் சக்கரம் எல்லாம் மொட்டைமாடியில் ஓர் அறையில் இருக்கும். அங்கே போகச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஆய்வுப் படிவத்தில் பதினாறு கட்டம். அதில் ஒன்பது அந்த அறையில் பார்த்து நிரப்ப வேண்டியவை. இரண்டு வருடமாக மட்டக்கோல் கீழே நின்று கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்து ஒன்பதையும் நிரப்பிக்கொண்டிருந்தார். கயிற்றின் பருமனைக்கூடப் போன வருடத்து எண்ணிலிருந்து கொஞ்சம் குறைத்து எழுதினார், தேய்ந்தது போல் தெரியட்டும் என்று. யாரிடமும் கை நீட்டாததால் இது ஒரு தவறாகவே அவருக்கு உறைக்கவில்லை. முட்டி வலி, அவ்வளவுதான்.

"அந்தப் பத்தியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, மூன்று மாதத்துக்கு முன்பு கையெழுத்துப் போட்ட ஓர் ஏழு மாடிக் குடியிருப்புக்குப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நாலு கயிற்றில் ஒன்றில் இழைகள் அறுந்து துடைப்பம் போலச் சிலிர்த்துக்கொண்டிருந்தன. பிரேக் கட்டை தேய்ந்து வழவழவென்றிருந்தது. அந்த அழுக்குத் தரையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்தி, அறையைப் பூட்டி, ஓட்டக் கூடாது என்ற சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு மாடியாக நடந்தே இறங்கினார்.

ஆறாவது மாடியில் சபைச் செயலாளர் குடியிருந்தார். அவர் மனைவி கால் முறிந்து மாவுக்கட்டோடு இருந்தார். செயலாளர் படியிலேயே மறித்துக்கொண்டார்.

"மூணு மாசம் முன்னாடிதானே சார், எல்லாம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். பாக்காம போட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியட்டும், திங்கள்கிழமை பூட்டிக்கொள்ளலாம் என்று செயலாளர் முதலில் கெஞ்சலாகவும் பிறகு காரமாகவும் சொல்லிப் பார்த்தார். மட்டக்கோல் அசைந்து கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, தன் பொறுப்பில் உள்ள நாற்பத்தொரு லிஃப்டின் பட்டியலோடு மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்தார். சனிக்கிழமை சபை மன்றத்தில் நடந்ததைச் சொல்லி, அறிக்கையை வாசிக்கத் தன்னால் முடியாது என்றார். பலவீனம் யாருக்கு இல்லை, இது ஊரைப் பற்றிய அறிக்கைதானே, நம்மைப் பற்றியது இல்லையே என்று ஒருவர் சமாதானம் சொன்னார். போதகர் வாயே திறக்கவில்லை. கடைசியில் செயலாளரே வாசிப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலையில் மட்டக்கோல் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். நாற்காலியில் உட்கார வைத்து அந்த அம்மாவை ஆறு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அம்மாவுக்கு நல்ல கனத்த உடம்பு. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மட்டக்கோலின் முட்டி ஒரு பக்கமாக மடங்கியது.

"இந்தத் தடவையாவது பாத்து சார்" என்றார் அந்த அம்மா.

தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி ஆடியது. செயலாளர் சிரிக்கவில்லை. அன்று அறிக்கையை அவர் கணீரென்று வாசித்தார், ஏழாவது பத்தி உட்பட. மட்டக்கோல் கடைசி வரிசையில் முட்டியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

அலுவலகத்தில் அவரை ஆய்வு வேலையிலிருந்து எடுத்துக் கோப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். வேறு ஆட்கள் போய்ப் பார்த்ததில் இன்னும் இரண்டு லிஃப்டை நிறுத்த வேண்டி வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதில் தன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை என்று மனைவியிடம் சொன்னார். குடியிருப்பு லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகும் செயலாளர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தில், அறிக்கையை எத்தனை பிரதி அச்சடிப்பது என்ற பேச்சின் நடுவே போதகர் குறுக்கிட்டார்.

"நாலு வருஷமா நான் பண்ற பிரசங்கம் முக்கால்வாசி என்னோடது இல்ல. இன்டர்நெட்ல இருந்து எடுத்து வாசிக்கிறேன். நீங்க பாராட்டினதெல்லாம் யாரையோ."

மன்ற உறுப்பினரான மருந்துக்கடைக்காரர், தேதி முடிந்த மருந்து தன் கடையில் இன்னும் அலமாரியில் இருப்பதாகவும், கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவதாகவும் மெதுவாகச் சொன்னார். இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அச்சடிக்கும் பேச்சு அன்றைக்கு மறுபடி எழவில்லை.

அந்த வாரப் பிரசங்கம் பன்னிரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. போதகர் இரண்டு இடத்தில் திக்கினார், ஓரிடத்தில் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துபோய் நின்றார். வெளியே வரும்போது, இன்றைக்கு ஒன்றும் சரக்கில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். மட்டக்கோலின் மனைவி மட்டும், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தூங்காமல் கேட்டது இன்றைக்குத்தான் என்றார்.